செல்லதுரையின் இடது கை

மார்ச் 7, 2016, திங்கள்

டயாலிசிஸ் சென்டரில் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். அப்பாவின் எடை, பிரஷர், குடித்த தண்ணீர் மூன்றையும் தினமும் எழுத வேண்டுமாம். ஒரு நாளுக்கு ஒரு முழுப் பக்கம். மூன்று எண்ணுக்கு இவ்வளவு இடம் எதற்கென்று தெரியவில்லை. வெற்றுப் பக்கமாக விடப் பிடிக்காமல் எழுதுகிறேன்.

எடை 61.4. பிரஷர் 160/90. தண்ணீர் 700 மில்லி.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருந்தார்கள். நோயாளி: எஸ். செல்லதுரை, 79. கவனித்துக்கொள்பவர்: மேபல், மகள், 54, பள்ளி அலுவலகத்தில் வேலை. தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அப்பாவைக் கேட்டேன். "பேஸ்" என்றார். யாருக்கும் புரியாது என்று "ஓய்வு பெற்ற இசைக்கலைஞர்" என்று எழுதினேன்.

"ஓய்வு யாரு குடுத்தா?" என்றார்.

டிசம்பரிலிருந்து அவர் வாசிக்கவில்லை. பெரிய வயலின் போல, ஆளைவிட உயரமான அந்த வாத்தியம் உறைக்குள் ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சமையலறைக்குப் பக்கவாட்டில்தான் போக முடிகிறது.

இடது கை விரல்கள் ஜில்லென்று இருக்கின்றன என்றார். பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டேன்.

மார்ச் 10, வியாழன்

எடை 61.9. தண்ணீர் 750.

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். பெயர் ஹரிணி. முப்பத்தைந்து வயதிருக்கும். அவளும் பேஸ் வாசிக்கிறாளாம். "செல்லா சார் வீடு இதுதானே?" என்று வாசலில் நின்று கேட்டாள். இரண்டு இளநீர் கொண்டுவந்திருந்தாள். கிட்னி போனவருக்கு இளநீர் விஷம் என்று சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. பாவம். எதிர் வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஜூன் மாதம் அப்பாவுக்காக எழும்பூரில் ஒரு கச்சேரி நடத்தப் போகிறார்களாம். கல்கத்தா, பம்பாய், பெங்களூரிலிருந்தெல்லாம் பேஸ் வாசிப்பவர்கள் வருகிறார்களாம். அவர் வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாக எழுதவும் போகிறாள். அப்பா ஒரு மணி நேரம் பேசினார். என்னிடம் ஒரு வருடத்தில் அவ்வளவு பேசியதில்லை. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனத்துக்கு வாசித்த ஆங்கிலோ இந்திய பேண்டில், பேஸ் வாசித்தவர் ஆஸ்திரேலியா போய்விட, பத்தொன்பது வயதில் அந்த இடத்தில் இவரை நிறுத்தினார்களாம். அப்புறம் மவுண்ட் ரோடு ஓட்டல், பம்பாய், கல்கத்தா. இது எதுவும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கேட்டதில்லை.

போகும்போது ஹரிணி சமையலறைக்கு வந்தாள். "அக்கா, இந்த ஊர்ல ஜாஸ் வாசிக்கிற எந்த பேஸ் பிளேயரும் ஒரு தடவையாவது சாரை மாதிரி வாசிச்சுப் பார்க்காம இருக்க மாட்டாங்க. ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் கீழ பிடிச்சு, லேட்டா மேல இழுப்பாரு. அதுக்கு 'செல்லா இழுப்பு'ன்னே பேரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

மார்ச் 16, புதன்

எடை 62.3. பிரஷர் 170/90. தண்ணீர் 850. என் கண்ணில் படாமல் குடிக்கிறார்.

டயாலிசிஸ் நடக்கும்போது இடது கை வலிக்கிறது என்று முனகினார். மோதிர விரல் நுனி நீலமாக இருக்கிறது. டெக்னீஷியன் டாக்டரிடம் காட்டச் சொன்னார். பத்தாம் வகுப்புப் பரீட்சை. இந்த வாரம் லீவு எடுக்க முடியாது.

மார்ச் 20, குருத்தோலை ஞாயிறு

கோயிலிலிருந்து வரும்போதே ஹரிணி வாசலில் காத்திருந்தாள். அந்த இழுப்பு முதலில் கேட்டது எந்தப் பதிவில் என்று கண்டுபிடித்துவிட்டாளாம். கல்கத்தாவில் ஒரு ஓட்டலில் யாரோ சொந்த ஆசைக்கு டேப்பில் எடுத்தது. அதைப் பிரதி எடுத்து, பிரதிக்குப் பிரதி எடுத்துத்தான் இத்தனை பேரும் கற்றுக்கொண்டார்களாம். இப்போது மூல டேப்பே கிடைத்திருக்கிறது.

போனில் போட்டாள். கரண்டிச் சத்தம், யாரோ சிரிப்பது, பியானோ. அதற்கடியில் அப்பா. அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அந்தப் பியானோக்காரன் எப்பவும் அவசரக்காரன்" என்றார்.

டேப் பெட்டியின் படத்தை ஹரிணி காட்டினாள். மேலே பேனாவால் தேதி போட்டிருந்தது. 13-8-77.

"இன்னொரு தடவை போடட்டுமாக்கா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எடை எழுத மறந்துவிட்டேன்.

மார்ச் 21, திங்கள்

அம்மா இறந்தது 1977 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை காலை. மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. எனக்குப் பதினைந்து வயது, தம்பி ஜெயசீலனுக்கு ஒன்பது. கல்கத்தாவிலிருந்த அப்பாவுக்கு இரண்டு தந்தி கொடுத்தோம். இரண்டையும் நான்தான் போஸ்ட் ஆபீசுக்குப் போய்க் கொடுத்தேன். முதலாவது ஒன்பதாம் தேதி: எமிலி கவலைக்கிடம், உடனே புறப்படவும். இரண்டாவது பன்னிரண்டாம் தேதி. அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கவுண்டர்காரரைக் கேட்டேன். அவரே எழுதிக் கொடுத்தார்.

அப்பா இருபதாம் தேதி வந்தார். ரயில் கிடைக்கவில்லை என்றார். அத்தை நம்பினாள். நானும் இத்தனை வருடம் அதைத்தான் நம்பினேன், அல்லது அதைப் பற்றி யோசிக்கவில்லை. கல்லறைக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றி நின்றார். வீட்டுக்கு வந்து, வாத்தியத்தின் உறையைப் பிரித்து, ரயிலின் கார்டு வேனில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு வாரத்தில் எங்களைப் புரசைவாக்கத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஓட்டலில் பேண்டை நிறுத்திய பிறகுதான் ஊரோடு வந்தார். எட்டு வருடம் கழித்து.

எடை 62.0. தண்ணீர் 700.

மார்ச் 25, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனைக்குப் போகவில்லை. மோதிர விரல் கறுத்துவிட்டது.

ஏப்ரல் 5, செவ்வாய்

லீவு போட்டு அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டயாலிசிசுக்காக ஜனவரியில் இடது முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இணைப்பு வழியாகவே ரத்தமெல்லாம் திரும்பிவிடுகிறதாம், விரலுக்குப் போவதில்லையாம். அதனால் விரல்கள் சாகின்றன. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். இணைப்பை மூடிவிட்டு, இனிமேல் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்ய வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன, அவற்றை எடுத்தே ஆக வேண்டும்.

"எடுக்க வேணாம்" என்றார் அப்பா.

"பெரியவரே, இது இடது கைதானே. சாப்பிடுற கை, எழுதுற கை எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "ஜனவரியில கேட்டப்ப உங்க பொண்ணுதானே வலது கைப் பழக்கம்னு சொன்னாங்க. அதனாலதான் இடதுல போட்டோம்."

ஆமாம். எந்தக் கையால் சாப்பிடுவார், எந்தக் கையால் எழுதுவார் என்று கேட்டார்கள். வலது என்றேன். அது உண்மை. பேஸ் வாசிப்பவருக்கு வலது கை கம்பியைச் சுண்டும், ஸ்வரம் முழுக்க இடது கையில்தான். அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அன்று நெரிசல் அதிகம், வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றினேன். ஓட்டேரி வந்ததும், "உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"எதுப்பா?"

"ஒண்ணுமில்ல."

இணைப்பை மூட வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். எடை 63.1.

ஏப்ரல் 10, ஞாயிறு

இணைப்பை மூடியாகிவிட்டது. கழுத்தில் குழாய். இப்போது மூன்று விரலில் ரத்தம் திரும்பவில்லை.

ஹரிணி வந்தாள். அப்பாவின் கையைப் பார்த்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். அழுதிருக்க வேண்டும். அப்புறம் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவளுக்கு ஆயத் தெரியவில்லை, தண்டையெல்லாம் சேர்த்துப் போட்டாள்.

"அக்கா, அந்த இழுப்பை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு சாரைக் கேட்டேன். அது ஸ்டைலே இல்லம்மாங்கிறாரு. அன்னிக்கு கை நடுங்கிச்சாம். விரல் சரியான இடத்துல உக்காரல, சுருதி கீழ விழுந்துச்சு, வேற வழியில்லாம மேல இழுத்துட்டேங்கிறாரு. ராத்திரி பூரா அப்படியே வாசிச்சாராம். மறுநாள் வந்து எல்லாரும் அதையே வாசிக்கச் சொன்னாங்களாம். ஏன் சார் கை நடுங்கிச்சுன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்கிறாரு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கீரை கழுவத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் வேறு ஏதோ கேட்டாள்.

ஏப்ரல் 12, செவ்வாய்

மதியம் கஞ்சி ஊட்டும்போது கேட்டேன். வேறு யாரும் இல்லை.

"ரெண்டாவது தந்தி எப்போ கெடச்சுது?"

எந்தத் தந்தி என்று கேட்கவில்லை. "அடுத்த நாள் சாயங்காலம். ஓட்டல்ல ரிசப்ஷன்ல குடுத்தான்."

"வாசிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

கஞ்சியை மென்றுகொண்டே இருந்தார். கஞ்சியில் மெல்ல ஒன்றுமில்லை.

"முன்னாடி."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"வாசிக்காம என்ன பண்றதுன்னு தெரியல மேபல். ரூமுக்குப் போனா என்ன பண்ணுவேன்? ஊருக்கு வந்தாலும் நீங்க ரெண்டு பேரும் என்னைப் பார்ப்பீங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"எட்டு நாள் வாசிச்சீங்களா?"

"ஆறு நாள். ரெண்டு நாள் ரயில்ல."

நான் எழுந்தேன். அவர் வலது கையால் என் புடவையைப் பிடித்தார். "ஒண்ணு கேக்கறேன். எனக்கு என்ன ஆனாலும் சரி, இந்தக் கையை மட்டும் வெட்ட விடாத. கறுத்தாலும் இருக்கட்டும். முழுசாப் போறேன்."

"சரிப்பா" என்றேன்.

மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் சொன்னேன்.

ஏப்ரல் 20, புதன்

காய்ச்சல் 103. ஆளை அடையாளம் தெரியவில்லை. என்னை எமிலி என்றார். ஆம்புலன்ஸ்.

ஏப்ரல் 21, வியாழன்

கையிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்தால் பிழைக்கலாம், பாதிக்குப் பாதி. எடுக்காவிட்டால் நாளை மறுநாள் வரை தாங்க மாட்டார். அவர் நினைவில் இல்லாததால் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

மஸ்கட்டுக்குப் போன் செய்தேன். ஜெயசீலன், "நீதான்க்கா பக்கத்துல இருக்க. நீ எது செஞ்சாலும் சரி" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான்.

ஹரிணி ஓடி வந்தாள். "அக்கா, வேணாம்னு சொன்னாரே. என்கிட்டயும் சொன்னாரு. உங்ககிட்ட சத்தியமே வாங்கியிருக்கேன்னு சொன்னாரு."

"உயிரு போகட்டும்ங்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்ற?"

படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து. மணி பதினொன்று இருபது. பேனா என்னுடையது. உயிரைக் காப்பாற்றத்தான் போட்டேன். யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 23, சனி

எடுத்த கையை ஆஸ்பத்திரியிலேயே எரித்துவிடுவார்களாம். வேண்டும் என்றால் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார் நர்ஸ். எழுதிக் கொடுத்தேன். வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் குழியைத் திறந்து அங்கே வைத்தேன். பாஸ்டர் சின்னதாக ஜெபம் செய்தார். கையை அடக்கம் செய்ய ஜெபம் கிடையாதாம், அவரே சொந்தமாகச் சொன்னார். தோட்ட ஆபீசில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கண்ணாடி கொண்டுபோகவில்லை, படிக்காமல் போட்டேன்.

ஹரிணியிடம் சொல்லவில்லை.

மே 1, ஞாயிறு

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தாயிற்று. எடை 54.2. கட்டுக்கட்டிய கையை ஒரு முறை பார்த்தார். பிறகு போர்வைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் மட்டும் அல்ல, ஹரிணியிடமும்.

மே 8, ஞாயிறு

இன்னும் பேசவில்லை. தண்ணீர் 400. தாகம் எடுக்கவில்லை போலிருக்கிறது.

மே 16, திங்கள்

தேர்தல். மழை. ஓட்டுப்போட்டு வந்தேன். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லி மை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அது அப்பா கண்ணில் படாதபடி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு காப்பி கொடுத்தேன்.

மே 18, புதன்

ஆட்டோ வந்து நின்றது. அப்பா எழுந்திருக்கவில்லை.

"டயாலிசிசுக்கு நேரமாச்சுப்பா."

"நான் வரல."

இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு கேட்ட குரல். வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்றேன். தெரியும் என்றார். டாக்டரிடம் போனில் பேசினேன். நினைவோடு இருப்பவரைக் கட்டிப்போட்டா செய்ய முடியும் என்றார். பத்து நாள், பன்னிரண்டு நாள் தாங்கலாம். ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன்.

அப்பா தண்ணீர் கேட்டார். சொம்பு நிறையக் கொடுத்தேன். முழுவதும் குடித்தார்.

மே 24, செவ்வாய்

கால் இரண்டும் வீங்கிவிட்டன. மூச்சு வாங்குகிறது. ஹரிணி தினமும் வருகிறாள், கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். புத்தகம் முடிந்துவிட்டதாம். கச்சேரிக்கு டிக்கெட் எல்லாம் போய்விட்டதாம். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அவள் போன பிறகு அப்பா கேட்டார்: "கையை என்ன பண்ணினீங்க?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"அம்மாகூட வச்சிருக்கேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அவ கேட்டாளா?"

"நான்தான் கேட்டேன்."

தலையை ஆட்டினார். சரி என்றா, வேண்டாம் என்றா, எனக்குப் புரியவில்லை. அதன் பிறகு அவர் பேசியது, தலையணையைச் சரிசெய், விளக்கை அணை, அவ்வளவுதான்.

மே 29, ஞாயிறு

காலை ஏழு பத்துக்கு.

மே 30, திங்கள்

அம்மாவின் குழியில் அப்பாவை வைக்க முடியாது என்று தோட்ட ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை திறந்த குழியைப் பதினான்கு வருடத்துக்குத் திறக்கக் கூடாதாம்.

"கைதானேங்க வச்சோம்" என்றேன்.

"எதை வச்சாலும் திறந்ததுதான்மா. ரெஜிஸ்டர்ல ஏறிடுச்சு. அன்னிக்கே சொல்லித்தானே கையெழுத்து வாங்கினோம்." படிவத்தைத் திருப்பிக் காட்டினார். பெரிய எழுத்தில்தான் இருந்தது. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். கீழே என் கையெழுத்து.

முப்பது வருடமாகப் படிவமும் கையெழுத்துமாகத்தான் என் பிழைப்பு. ரெஜிஸ்டரில் ஏறியதை மாற்ற முடியாது என்று எத்தனையோ பெற்றோர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரோடு வாதாடவில்லை.

அங்கே புதிதாகக் குழி போட இடம் கிடையாது. ஊருக்கு வெளியே, ரெட் ஹில்ஸ் போகும் வழியில் புதிதாக ஆரம்பித்த தோட்டத்தில் இடம் கிடைத்தது. மரம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் நாலரைக்கு அடக்கம். ஜெயசீலனுக்கு விமானம் கிடைக்கவில்லை. நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள், நான் யாரையும் பார்த்ததில்லை. எல்லாம் ஹரிணி வயது, அதற்கும் கீழே. ஒருத்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தினமும் அவர் வாசிக்கறதைக் கேட்டு வளர்ந்தீங்கல்ல மேடம், உங்களுக்கு எப்பேர்ப்பட்ட கொடுப்பினை" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 6, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. அட்மிஷன் கூட்டம். மாற்றுச் சான்றிதழ் நாற்பத்திரண்டு.

ஜூன் 19, ஞாயிறு

கச்சேரி. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஹரிணி கார் அனுப்பிவிட்டாள். முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். ஏழு பேர் பேஸ் வாசித்தார்கள், ஒருவர் பின் ஒருவர். ஏழு பேரும் அந்த இழுப்பை வாசித்தார்கள். கீழே விழும், ஒரு நொடி அங்கேயே கிடக்கும், பிறகு மெதுவாக மேலே வரும். ஒவ்வொரு முறையும் சனங்கள் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். யாருடைய கையும் நடுங்கவில்லை. நன்றாகப் பழகியிருக்கிறார்கள்.

இனி இது நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் போன பிறகு, அந்தத் தேதியில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லாத காலத்தில், எங்கேயோ ஒரு ஓட்டலில் யாரோ இதை வாசித்துக்கொண்டிருப்பார்கள். சனங்கள் கை தட்டுவார்கள்.

ஹரிணி மேடையில் பேசும்போது, அவர் வாழ்க்கை முழுவதையும் புத்தகத்தில் எழுதிவிட்டதாகச் சொன்னாள். பிரதி ஒன்றைக் கொடுத்தாள். அம்மாவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: மனைவி எமிலி 1977இல் காலமானார். இழுப்பைப் பற்றிப் பதினோரு பக்கம். இரண்டும் வெவ்வேறு அத்தியாயம்.

முடிந்ததும் கல்கத்தாவிலிருந்து வந்திருந்த மூன்று பேரை அழைத்துவந்தாள். நாளை காலை ஊருக்குத் திரும்புமுன் அப்பாவின் கல்லறையில் பூ வைக்க வேண்டுமாம். அவர்களில் மூத்தவர் இடது கையை உயர்த்தி, அந்த விரல்கள் இருக்கும் இடத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று இந்தியில் சொன்னார். ஹரிணி எனக்குத் தமிழில் சொன்னாள். கையை ஆஸ்பத்திரியில் எரித்துவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இடம் எங்கன்னு சொல்லுங்கக்கா. நான் கூட்டிட்டுப் போறேன்."

ரெட் ஹில்ஸ் ரோட்டில் பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும், மண் ரோடு, கேட்டில் கேட்டால் காட்டுவார்கள், வரிசை ஒன்பது, எண் பதினாறு என்று சொன்னேன். அவள் போனில் குறித்துக்கொண்டாள். அவர்கள் மூன்று பேரும் குனிந்து என் காலைத் தொட்டார்கள். தடுக்கவில்லை.